நியூயார்க்கின் பெரிய ஹோட்டல் ஒன்றில் யூதத் திருமணத்தைக் காதல் ததும்ப நடத்த எப்படித் திட்டமிடுவது?

உங்களோடு வேலை பார்க்கும் யூதத் தோழிக்கு 2027 கோடையில் மன்ஹாட்டனில் கல்யாணம், பிளாசா, பியர் போன்ற பழைய பெரிய ஹோட்டலில் வைக்க ஆசை, "ரொமான்டிக்காக இருக்க வேண்டும்" என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டலின் விருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். யூதக் கல்யாணங்கள் எங்களுக்கு அடிக்கடி வரும். அதில் பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன்.

ஹோட்டலுக்குப் போனதும் பால்ரூமைக் காட்டத்தான் கூட்டிப்போவார்கள். சரவிளக்கு, தங்க முலாம் பூசிய கூரை எல்லாம் கண்ணைப் பறிக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யிஹூதுக்கு எந்த அறையைத் தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

மணச்சடங்கு முடிந்த கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் யிஹூத். வாசலில் இரண்டு சாட்சிகள் காவல் நிற்பார்கள். பல ஜோடிகள் காலையிலிருந்து விரதம் இருப்பார்கள். அவர்கள் முதல் கவளம் சாப்பிடுவது அந்த அறையில்தான். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களான அஷ்கெனாசிகளில், வைதீகமான குடும்பங்களில் கல்யாணத்துக்கு முந்தைய ஒரு வாரம் இருவரும் சந்தித்துக்கொள்ளவே மாட்டார்கள். அப்படிக் காத்திருந்தவர்களுக்கு, முந்நூறு பேர் வெளியே ஆரவாரம் செய்துகொண்டிருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் இருபது நிமிடம் தனிமை கிடைக்கிறது. அந்த நாளின் காதல் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பூ அலங்காரத்துக்கு எத்தனை ஆயிரம் டாலர் கொட்டினாலும் இது வராது.

அதனால் அந்த அறைக்கு மெனக்கெடுங்கள். மணமேடையிலிருந்து விருந்தினர் கூட்டத்தைக் கடக்காமல் போகக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே யாரும் நுழைய முடியாது என்பது சடங்கின் நிபந்தனை. ஆனால் ஹோட்டல் அறைகளுக்கு எல்லாக் கதவையும் திறக்கும் பொதுச்சாவி உண்டு. ஆகவே அந்த நேரத்தில் ஊழியர் எவரும் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, தண்ணீர், மூடி வைத்த சூடான சூப், இரண்டு தட்டு சாப்பாடு. பெண்ணின் கவுன் உட்கார இடம் கொடுக்காது. அதனால் கையில்லாத அகலமான நாற்காலியாகப் போடச் சொல்லுங்கள். படமெடுப்பவர் "அஞ்சு நிமிஷம் முன்னாடி வெளியே அனுப்புங்க, வெளிச்சம் போய்டும்" என்று வந்து நிற்பார். விடாதீர்கள். ஒன்று மட்டும்: ஸ்பெயின் வழிவந்த யூதர்களான செஃபார்டிக் குடும்பங்கள் பலவற்றில் சடங்கு முடிந்த உடனே யிஹூத் செய்யும் வழக்கம் இல்லை. தோழி வீட்டு வழக்கம் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. நம் ஊரில் ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் அல்லவா, அங்கேயும் விலக்கான நாட்கள் உண்டு. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாளாகிய சபாத்திலும் பண்டிகை நாட்களிலும் கல்யாணம் கிடையாது. 2027இல் பாஸ்கா பண்டிகை ஏப்ரல் 21 மாலை தொடங்குகிறது. அதிலிருந்து ஜூன் 10 மாலை தொடங்கும் ஷாவுவோத் பண்டிகை வரை, நாட்களை எண்ணிவரும் ஓமர் காலம். அதில் எத்தனை நாளை விலக்குவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 12 வரையான மூன்று வாரம் எருசலேமில் இருந்த யூதப் பெருங்கோவிலின் அழிவுக்குத் துக்கம் காக்கும் காலம். கோடையின் சனிக்கிழமை இரவும் சரிப்படாது. ஜூனில் சபாத் முடியவே இரவு ஒன்பது தாண்டிவிடும், அதற்குப் பிறகுதான் யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறையில் அடுப்பே எரியும்.

எனக்குத் தோன்றும் நாள் ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை. சொல்கிறேன், கேளுங்கள். ஞாயிறிலிருந்து எண்ணினால் செவ்வாய் மூன்றாம் நாள்; வேதத்தின் படைப்புக் கதையில் மூன்றாம் நாளில் "நல்லது என்று கண்டார்" என்று இரண்டு முறை வருவதால் செவ்வாயை விசேஷமான நாளாகக் கருதுவார்கள். அன்று சூரியன் மறைந்ததும் யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்தின் பதினைந்தாம் நாள், தூ பி'ஆவ், பிறக்கிறது. பழங்காலத்தில் எருசலேம் பெண்கள் இரவல் வாங்கிய வெள்ளை உடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடப் போன நாள் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. இல்லாதவள் கூசிப்போகக் கூடாது என்பதற்காக எல்லோருமே இரவல் உடைதான். இன்றைக்கு அதை யூதர்களின் காதலர் தினமாகவே கொண்டாடுகிறார்கள். பௌர்ணமி வேறு. செவ்வாய் மாலை சடங்கு, விருந்து நடக்கும்போது தூ பி'ஆவ். வார நாள் என்பதால் ஹோட்டலிடம் பேரம் பேசவும் இடம் உண்டு.

ஆனால் அன்று நேரம் தவறக் கூடாது. யூத நாள் சூரிய அஸ்தமனத்தில் மாறும். கெத்துபா என்ற மண ஒப்பந்தத்தில் தேதி அரமேய மொழியில் எழுதப்பட்டிருக்கும், சடங்குக்கு முன்பே சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். அந்த நாளில் நியூயார்க்கில் சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன் மறையும். கையெழுத்து ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி பிசகினால் மணத்தை நடத்திவைக்கும் மதகுருவான ரபி ஒப்புக்கொள்ளமாட்டார். சாட்சிகள் மணமக்களின் உறவினராக இருக்கக் கூடாது என்பதால் "மாமா போடட்டும்" என்று கடைசி நேரத்தில் யாரையும் இழுக்கவும் முடியாது.

கையெழுத்துக்குப் பிறகு பெடெக்கென். பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையை நண்பர்கள் பாடி ஆடிக் கூட்டிவருவார்கள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையால் முக்காட்டை இறக்குவார். வேதத்தில், ராகேல் என்று நம்பிய யாக்கோபுக்கு அவள் அக்கா லேயாளை மணமுடித்து வைத்த கதையோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கூட்டம் வர அகலமான வழி வேண்டும். பானம் பரிமாறும் மேசையைக் குறுக்கே போட்டுவிடாமல் பாருங்கள்.

ஹுப்பா என்பது நான்கு கம்பத்தின் மேல் விரித்த துணி, நாலு பக்கமும் திறந்த வீடு. பூக்காரர்கள் ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும் சுற்றிப் பெரிய மண்டபமாகவே கட்டிவிடுகிறார்கள். தாத்தாவின் பிரார்த்தனைச் சால்வையான தாலித்தை விரித்து, நண்பர்கள் நால்வர் கம்பத்தைப் பிடித்து நின்ற ஹுப்பாவின் முன்னால் அந்தப் பூவெல்லாம் எனக்கு ஒன்றுமில்லாமல் போனது. வானத்தின் கீழ் நடத்துவது அஷ்கெனாசி வழக்கம். மொட்டைமாடி உண்டா, மழை வந்தால் எந்த அறை என்று கேட்டுவையுங்கள். மோதிரம் கல் பதிக்காத வெறும் வளையமாக இருக்க வேண்டும், பெண்ணின் வலது கை ஆட்காட்டி விரலில் போடுவார்கள். கடைசியில் மாப்பிள்ளை கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பார். கி.பி. 70இல் அழிந்த எருசலேம் கோவிலின் நினைவு அது, எல்லோரும் "மாஸல் தோவ்!" (வாழ்த்துகள்) என்று கத்துவார்கள். ஹோட்டல் கம்பளம் கனமாக இருந்தால் கோப்பை புதைந்து உடையாமல் போகும். அடியில் ஒரு மரப்பலகை வைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பம் கோஷர் கடைப்பிடித்தால் ஹோட்டல் சமையலறையை அப்படியே பயன்படுத்த முடியாது. பாத்திரங்களை ஒரு முழுநாள் தொடாமல் வைத்துக் கொதிநீரில் முக்குவார்கள், அடுப்புகளைச் செந்தணலாகச் சூடேற்றுவார்கள். பீங்கானை அப்படிச் சுத்திகரிக்க முடியாது என்பதால் தட்டுகள் வெளியிலிருந்து வரும். மஷ்கியாஹ் என்ற மேற்பார்வையாளர் அடுப்பைத் தானே பற்ற வைப்பார். கீரை இலைகளை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டிமேல் விரித்து, பூச்சி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் மரியாதை தானாக வரும். இறைச்சி விருந்து என்றால் பால் கூடாது. கேக்கில் வெண்ணெய் கிடையாது, காபிக்குப் பால் கிடையாது. தேங்காய்ப் பாலில் செய்யும் இனிப்புகளைக் கேட்டுப் பாருங்கள், அருமையாக வரும்.

ஒயினில்தான் வெளியாட்கள் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சாதாரணக் கோஷர் ஒயினை யூதரல்லாதவர் எடுத்து ஊற்றினால் பக்தியுள்ளவர்கள் குடிக்கமாட்டார்கள். சூடாக்கித் தயாரித்த மெவுஷால் ஒயினுக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் பரிமாறும் அணியில் இருப்பது நானும், வங்கதேசத்தவர்களும், மெக்சிகோக்காரர்களும். எனவே எல்லாப் புட்டியும் மெவுஷாலா என்று உணவு ஒப்பந்தக்காரரிடம் உறுதி செய்யுங்கள். வெளிச் சமையற்காரர் வந்தால் ஹோட்டல் தனிக்கட்டணம் கேட்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்தத் தொகையைக் கேளுங்கள்.

ஹோரா என்ற வட்ட ஆட்டத்தில் மணமக்களை நாற்காலியோடு தலைக்கு மேலே தூக்குவார்கள். மெல்லிய தங்கநிற விருந்து நாற்காலி அதற்கு உதவாது. கைப்பிடி உள்ள கனமான நாற்காலி இரண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். வைதீகக் குடும்பமானால் ஆண்களும் பெண்களும் தனித்தனியே ஆட நடுவில் தடுப்பு வேண்டும்.

விருந்து முடிந்ததும் நன்றி ஜெபமும் ஏழு ஆசிகளும் உண்டு. இரண்டு கோப்பை ஒயினைக் கலந்து மணமக்களுக்குக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பாதி விருந்தினர் கிளம்பியிருப்பார்கள், ஊழியர்கள் மேசைகளை மடக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆசி முடியும்வரை எதையும் எடுக்காதீர்கள் என்று எங்களைப் போன்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் தாராளமாக நிற்போம்.

சட்டப்படியான திருமண உரிமம் தனி. நியூயார்க்கில் அதை வாங்கி 24 மணி நேரம் கழித்தே மணம் நடத்தலாம், 60 நாட்களுக்குச் செல்லும். தோழி அஷ்கெனாசியா செஃபார்டிக்கா, கோஷர் எவ்வளவு கண்டிப்பு என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அன்றைய நேர அட்டவணையைப் போட்டுத் தருகிறேன்.