வாசகர் கேள்வி – பதில்: ஆளை அறுக்கும் வித்தையில் எதைத் தெரிவு செய்வது?

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகர் ஒருவர்): ஐயா, ஆறு ஆண்டுகளாகப் பாடசாலைக் கலை விழாக்களில் கயிறு, வளையம், சீட்டு ஆகியவற்றைக் கொண்டு மெஜிக் செய்து வருகிறேன். வருகிற வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் முன்றலில் ஒன்றரை மணி நேரக் காட்சி நடத்தும்படி கேட்டிருக்கிறார்கள். அதன் உச்சமாக ஆளை இரண்டாக அறுத்துப் பின்பு ஒன்றாக்கும் வித்தையைச் செய்ய விரும்புகிறேன். பெட்டியில் படுக்கவைத்து அறுப்பது, மெல்லிய மேசையின் மீது அறுப்பது, பெட்டியே இல்லாமல் மின்சார வட்டவாளால் அறுப்பது ஆகிய மூன்றில் எதைத் தெரிவு செய்யலாம்? பெட்டிக்குள் படுக்க என் தங்கை சம்மதித்திருக்கிறாள், அம்மா தயங்குகிறார்.

பதில்: அன்புள்ள தம்பி, மூன்று கருவிகளைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள், சனங்கள் எங்கே இருந்து பார்க்கப் போகிறார்கள் என்பதைக் "கோயில் முன்றல்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டீர்கள். தெரிவு அந்தச் சொல்லில்தான் தங்கியிருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வித்தை மூடிய மண்டபத்திற்காகப் பிறந்தது. 1921 ஜனவரி 17 இல் இலண்டன் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி.டி. செல்பிட் இதனைப் பொதுமக்கள் முன் செய்தபோது, பார்வையாளர்கள் எல்லோரும் மேடைக்கு எதிரே ஒரே பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த பெண்ணின் கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் கணுக்கால்களிலும் கட்டிய கயிறுகளின் நுனிகளை, பார்வையாளர்களிலிருந்து மேடைக்கு வந்தவர்கள் பிடித்துக்கொண்டிருக்க, பெட்டி நடுவே அறுக்கப்பட்டது. அதே ஆண்டில் நியூயோர்க்கில் ஹொரேஸ் கோல்டின், படுத்திருப்பவரின் தலையும் பாதங்களும் வெளியே தெரியும் வேறோர் அமைப்பைக் கொண்டுவந்தார். ஆளை அறுக்கும் வித்தை என்றதும் இன்று நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் கோல்டினுடையது.

நம்முடைய முன்றல்கள் அப்படிப்பட்டவை அல்ல. வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும், சனம் சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரியில் ஆடப்பட்ட மண் இது. கூத்துப் பார்த்துப் பழகிய சனம் எந்தப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கத்தில் பாயை விரித்து அமர்ந்துவிடும், சிறுவர்கள் மதிலிலும் வேப்பமரத்திலும் ஏறிவிடுவார்கள். கூத்தனுக்கு அது பலம். அறுக்கும் பெட்டிக்கோ பக்கவாட்டில் இருக்கும் ஒரேயொரு சோடிக் கண்ணே போதும், எல்லாம் கெட்டுவிடும். ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும், மேடையின் முதுகு ஒரு சுவரையோ மண்டபத்தின் மூடிய பக்கத்தையோ ஒட்டியிருக்க வேண்டும், இருபக்கமும் கயிறு கட்டிச் சனம் முன்னால் மட்டும் அமரும்படி செய்ய வேண்டும் என்று பரிபாலன சபையாரிடம் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஒத்திகையின்போது கயிற்றின் இரு முனைகளிலும், மரத்தின் மேலும், முன்வரிசைப் பாயிலும் நண்பர்களை இருத்தித் தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வித்தை எங்கே உடைகிறது என்பதை உங்கள் கண்ணைவிட அந்தப் படங்கள் தெளிவாகக் காட்டும்.

சமதரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிடையாக வைக்கும் பெட்டியின் மேற்பக்கத்தில் நடப்பது, பாயில் அமர்ந்திருக்கும் பத்தாவது வரிசைக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிவது முன்னால் இருப்பவர்களின் தலைகளும் ஒரு மரப்பலகையுமே. மெல்லிய மேசை வகை இதைவிடக் கடினமானது. இவ்வளவு மெல்லிய பலகையில் எதையும் ஒளிக்க முடியாது என்று பார்ப்பவர் நம்புவதே அதன் உயிர். அந்த நம்பிக்கை பார்ப்பவரின் கண்மட்டத்தைப் பொறுத்தது. நாற்காலி வரிசைகள் உள்ள மண்டபத்தில் அது மிக அழகாக அமையும். தரையில் இருப்பவர்கள் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் இடத்தில் அதனைச் செய்ய நான் துணியமாட்டேன்.

ஆகையால் உங்கள் பட்டியலில் இல்லாத நான்காவது ஒன்றைச் சொல்கிறேன். ரொபர்ட் ஹார்பின் 1965 இல் அறிமுகப்படுத்திய, ஆளை நிற்கவைத்து மூன்றாகப் பிரிக்கும் அலுமாரி அது. உள்ளே நிற்பவரின் முகமும் ஒரு கையும் ஒரு பாதமும் துவாரங்கள் வழியாகக் கடைசிவரை தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு அகன்ற தகடுகளைச் செருகியபின் நடுப்பகுதி பக்கவாட்டில் தள்ளப்படும். இது நின்ற நிலையில் நடப்பதால் கடைசிப் பாயில் இருக்கும் ஆச்சியும் முழுவதையும் காண்பார். விலகிப்போன நடுப்பகுதியிலிருந்து கை ஒரு கைக்குட்டையை அசைக்கும் கணத்தில் முன்றலில் எழும் ஓசையைக் கேட்டால், வாள் இல்லையே என்ற குறை உங்களுக்கு இராது. அடிப்பகுதிக்கு நல்ல சில்லுகள் பூட்டினால் இருவர் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் அதனை ஏற்றிச் செல்லும் வான் வண்டியின் பின்கதவை அளந்த பிறகே அலுமாரியின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

மின்சார வட்டவாள் வேண்டாம். கோல்டினே 1931 இல் பெட்டியை நீக்கி வட்டவாளோடு செய்து காட்டினார் என்பது உண்மை. அவருக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஒரு குழு நின்றது. நம் முன்றலில் நீண்ட இணைப்பு வயரும், மின்பிறப்பாக்கியும், ஈர மண்ணும், ஓடித் திரியும் பிள்ளைகளும் இருக்கும். சுழலும் உண்மையான வாளைப் பிறர் உடம்பின் அருகே கொண்டுபோகும் உரிமையை ஆறு ஆண்டுப் பழக்கம் தந்துவிடாது. இதை உங்கள் மனம் நோகச் சொல்லவில்லை, உங்கள் தங்கையை எண்ணிச் சொல்கிறேன்.

வங்காளத்து மந்திரக் கலைஞர் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 இல் பிபிசி தொலைக்காட்சியில் 17 வயதுப் பெண்ணொருவரை வட்டவாளால் அறுத்துக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து நிற்பதைக் காட்டுவதற்கு முன்பே தொகுப்பாளர் நிகழ்ச்சியை முடித்துவிட்டதனால், அவர் இறந்துவிட்டாரோ என்று அஞ்சிய மக்களின் அழைப்புகள் நிலையத்தின் தொலைபேசிகளை நிறைத்தன. சர்க்காரின் இலண்டன் காட்சிகளுக்கு அது பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. நம்மிடையே அந்த உத்தி வேண்டாம். மின்சாரம் நின்றாலும், மழை வந்தாலும், ஆளை முழுதாக வெளியே கொண்டுவந்து காட்டிய பிறகே திரை விழ வேண்டும். அதற்கென்று மேடையருகே இரண்டு பெற்றோல்மக்ஸ் விளக்குகளை ஏற்றி வைத்திருங்கள்.

இரத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். செல்பிட் தன் காலத்தில் அரங்கின் வெளியே இரத்தம் போன்ற நீரை வாளி வாளியாக ஊற்றச் செய்து, அம்புலன்ஸ் வண்டிகளையும் தெருவில் ஓடவிட்டு விளம்பரம் தேடினார். உங்கள் முன்றலில் அமரப்போகிறவர்களில் யுத்த காலத்திலும் 2004 இன் கடற்கோளிலும் சிதைந்த உடல்களைக் கண்ணால் கண்டவர்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் அலறலும் சிவப்புச் சாயமும் கூடாது. உள்ளே நிற்பவர் சிரித்த முகத்தோடு நிற்கட்டும், நீங்கள் அவரோடு பேசிக்கொண்டே செய்யுங்கள், பிரிப்பதைச் சுருக்கமாகவும் சேர்ப்பதை ஆறுதலாகவும் செய்யுங்கள். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் நம்மைப் பற்றிச் சொல்வதுண்டல்லவா? அம்மன் சந்நிதியில் நிற்கிறீர்கள் என்பதால், இது மந்திரம் அன்று, கைத்திறனும் மரவேலையும் சேர்ந்த கண்கட்டு என்பதைத் தொடக்கத்திலேயே பணிவோடு அறிவித்துவிடுங்கள். வித்தையின் சுவை அதனால் குறைவதில்லை.

தங்கையைப் பற்றி: அம்மாவின் தயக்கம் நியாயமானது. இந்த வித்தையில் கடினமான வேலையை உள்ளே இருப்பவரே செய்கிறார். ஒடுங்கிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவரானால் எவ்வளவு விரும்பினாலும் அவரை விடக்கூடாது. கதவின் கொண்டி உள்ளிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். பூட்டு என்ற பேச்சே வேண்டாம். இரண்டு தட்டு தட்டினால் எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிடுவீர்கள் என்று உடன்படிக்கை செய்துகொண்டு, ஒத்திகையில் காரணமில்லாமலும் ஓரிரு தடவை அவரைத் தட்டச் சொல்லி, நீங்கள் உடனே நிறுத்துவதை அம்மாவுக்குக் காட்டுங்கள். சேலையும் தொங்கும் சால்வையும் தகட்டில் சிக்கும்; உடம்போடு ஒட்டிய உடை, இறுகக் கட்டிய கூந்தல், நகையில்லாத கை என்பவை அவசியம். அம்மா அப்போதும் ஒப்பவில்லையானால் வற்புறுத்தாமல் ஒல்லியான நண்பர் ஒருவரை நிறுத்துங்கள். கோல்டின் 1921 இல் முதலில் அறுத்துக் காட்டியதே ஒரு ஹோட்டல் பணியாளரான இளைஞனைத்தான்.

மரத்தைப் பொறுத்தவரை, முதிரை பாரம். பிளைவுட்டும் இலேசான சட்டங்களும் போதும். நான் ஒரு மாரி காலத்தில் செய்வித்த பெட்டி, தை மாத மழையில் ஊறித் தகடு பாதிவழியில் இறுகி நின்றுவிட்டது. உள்ளே இருந்த பிள்ளையை வெளியே எடுக்கும்வரை என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. உங்களுக்கு இதன் மறுபக்கம் நேரலாம்: மழைக்காலத்தில் பொருத்தியது வைகாசியின் கச்சான் காற்றில் காய்ந்து ஆட்டம் காணும். பலகையின் எல்லா விளிம்புகளுக்கும் பூச்சு அடித்து, காட்சிக்கு முந்திய வாரம் தகடுகளை மறுபடியும் செருகிப் பாருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று ஆசிரியை ஒருவர்): எங்கள் பாடசாலை மாணவர்கள் சிறுவர் தினத்திற்கு இதுபோன்ற ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறார்கள். பெட்டி செய்யப் பணமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு நீண்ட கயிறுகள் போதும், ரீச்சர். ஒரு மாணவரின் முதுகுக்குப் பின்னால் கயிறுகளைச் செலுத்தி முன்னால் முடிச்சிட்டு, இருபக்கமும் நண்பர்கள் இழுக்க, கயிறுகள் உடலை ஊடறுத்து வெளியே வருவதுபோல் தோன்றும். இதே தத்துவத்தில் கயிற்றிலிருந்து மணிகளைக் கழற்றும் வித்தையை, 1584 இலேயே இங்கிலாந்தின் ரெஜினோல்ட் ஸ்கொட் எழுதி வைத்திருக்கிறார். கயிறு வயிற்றோடுதான் இருக்க வேண்டும், கழுத்துக்கு ஒருபோதும் கொண்டுபோகக்கூடாது. தலை வெட்டும் சட்டம் என்று கடைகளில் விற்கும் தகடுள்ள கருவிகளையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கல்முனை வாசகர் ஒருவர்): பெட்டியின் இரகசியத்தை, அதைச் செய்யும் ஓடாவியிடம் (தச்சரிடம்) சொல்லித்தானே ஆகவேண்டும்? அது ஊரெல்லாம் பரவிவிடாதா?

பதில்: கோல்டின் தன் அமைப்புக்கு 1923 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார், காப்புரிமைப் பத்திரமோ எவரும் வாசிக்கக்கூடிய ஆவணம். 1933 இல் ஒரு சிகரெட் நிறுவனம் தன் விளம்பரத்தில் அந்த இரகசியத்தை வெளியிட்டபோது அவர் வழக்குத் தொடுத்தார். தானே வெளியிட்ட ஒன்றை இரகசியம் என்று உரிமை கோர முடியாது என்பதால் 1938 இல் அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. எழுத்தில் கொடுப்பதைவிட நம்பிக்கையான ஒருவரிடம் வாயால் சொல்வது பாதுகாப்பானது. சட்டங்களை ஓர் ஓடாவியிடமும், தகடுகளை வேறோர் ஊரில் இரும்பு ஒட்டும் பட்டறையிலும் செய்வித்து, பொருத்தும் வேலையை நீங்களே வீட்டில் செய்யுங்கள். முழுவதையும் ஒருவரே செய்ய வேண்டியிருந்தால், கூலியை முன்கூட்டியே பேசி, முதல் காட்சிக்கு அவரையும் குடும்பத்தோடு அழைத்து முன்வரிசையில் இருத்துங்கள். தன் கைவேலையைப் பார்த்துச் சனம் வியப்பதைக் கண்ட ஓடாவி எவரும் அந்த இரகசியத்தை வெளியே சொன்னதை இதுவரை நான் காணவில்லை.