தம்பிக்கு மனநோய், கூடவே குடி: எங்கே போவது?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பி (29) தினமும் குடிக்கிறான். போதை மறுவாழ்வு மையத்தில் 'மனநோயாளியைச் சேர்க்க மாட்டோம்' என்கிறார்கள். மனநல டாக்டரோ 'முதலில் குடியை நிறுத்தட்டும்' என்கிறார். குடியை மறக்கடிக்கும் மாத்திரையைச் சாம்பாரில் கலந்துவிடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதல் வேலையாக அம்மாவைத் தடுங்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். உள்ளே போனது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. காதில் குரல் கேட்பதையும் சந்தேகத்தையும் அது கிளறிவிடலாம்.

அறையில் பூட்டிவைத்து நிறுத்துவதும் வேண்டாம். தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த இரண்டு நாளில் உடம்பு நடுங்கி, ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசலாம். 'பழைய நோய் முற்றிவிட்டது' என்று வீட்டார் காத்திருப்பது இங்கேதான்; அது உடனே அட்மிட் செய்ய வேண்டிய நிலை.

'ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதுக்கு வா' என்பது காலாவதியான பேச்சு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். குடி நிறுத்தும் முதல் வாரம் அங்கே தங்கி, தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு நடக்கட்டும். அதன்பின் ஊரிலேயே தொடரலாம்: மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வரும். உங்கள் தாலுகாவுக்கு எந்த நாள் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சிகிச்சை சறுக்குவது ராத்திரியில். 'இன்னைக்குக் குடிச்சிருக்கான், மாத்திரை வேண்டாம்' என்பார்கள். தினமும் குடித்தால் தினமும் மாத்திரை தவறிவிடும். குடித்த அன்று எதைத் தவிர்க்கணும் (தூக்க மாத்திரை கட்டாயம் ஆபத்து), எதை விடவே கூடாது என்று டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்குங்கள். இதைவிட நல்லது, மனநோய் மாத்திரைக்குப் பதிலாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. தம்பிக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள்.

வர மறுத்தால்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையிலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருந்தால், ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியே பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கு விண்ணப்பிப்பவர் தம்பியின் நியமனப் பிரதிநிதி (தன் சார்பில் பேச அவரே தேர்ந்தெடுத்தவர்). தெளிவாக இருக்கும் நாளில், வெற்றுத்தாளில் உங்கள் பெயரைத் தம்பியே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நடுராத்திரியில் யோசனை தேவைப்பட்டால் அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.