முதியோருக்கு ஃப்ளூ தடுப்பூசி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் தந்தைக்கு 72 வயது. "காய்ச்சல் என்று நான் படுத்ததே இல்லை, எனக்கு எதற்கு ஊசி?" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (பாலக்கோடு வாசகர்)

பதில்: வாக்குவாதம் வேண்டாம். அவர் திடமானவர் என்பதை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். வயது ஏற ஏற எதிர்ப்பாற்றல் குறைவதால், இளைஞருக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் ஃப்ளூ முதியவருக்கு நிமோனியாவாக முற்றக்கூடும் என்பதையும், நோய் தாக்கிய முதல் சில நாட்களில் மாரடைப்பு அபாயமும் கூடுகிறது என்பதையும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இனிச் சளியே பிடிக்காது என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் வேறு, அவற்றை இந்த ஊசி தடுக்காது. போட்ட மாதமே மூக்கு ஒழுகினால், அடுத்த ஆண்டு அவர் கையை நீட்ட மாட்டார்.

கேள்வி: அம்மா வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. அவருக்கும் தேவையா? (அரூர்)

பதில்: தேவை. ஓசூரிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளும், பள்ளிக்குப் போய் வரும் பேரப்பிள்ளைகளும் கிருமியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

கேள்வி: ஊசியாலேயே காய்ச்சல் வரும் என்கிறார்களே?

பதில்: முதியோருக்கு வழக்கமாகப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, ஆகவே அதனால் ஃப்ளூ வராது. கைவலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதற்குள் தொற்று ஏற்பட்டால் பழி ஊசியின் மேல் விழுகிறது.

கேள்வி: ஆண்டுதோறும் போட வேண்டுமா? அரசு இலவசமாகப் போடுகிறதா? (ஊத்தங்கரை)

பதில்: ஆண்டுக்கொரு முறை போட வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், எந்தெந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. மருந்துப் பெட்டியில் எந்த ஆண்டுக்கு உரியது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. முதியோருக்கான ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் பணம் கொடுத்தே போட வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் வருத்தமே. 2021இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை பெறுகிறார்களே, அந்த முதியவர்களுக்குத்தான் இந்த ஊசி முதலில் தேவை.

கேள்வி: இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நான் போடலாமா?

பதில்: போடலாம், இதய நோயாளிகளுக்கு இது மிகவும் அவசியம். மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் பஞ்சால் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் போடக் கூடாது; கடும் காய்ச்சலில் இருப்பவர்கள் குணமான பின் போடலாம்.