பேனிக் அட்டாக்கும் சாப்பாடும்: கேட்டதுக்கெல்லாம் பதில்

சொன்ன மாதிரியே இன்னிக்கு உக்காந்துட்டேன். கேள்வி ஏகப்பட்டது வந்திருக்கு, முடிஞ்ச வரைக்கும் பாக்கறேன். மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் டயட்டீஷியன், மனநல டாக்டர் கெடையாது, மாத்திரைய கூட்டறது கொறைக்கறதெல்லாம் உங்க டாக்டர் வேலை. ஆனா எனக்கே ஆறு வருஷம் பேனிக் இருந்துச்சு, அதனால படிச்சதும் பட்டதும் கலந்துதான் வரும்.

கேள்வி: அக்கா, எதெல்லாம் சாப்ட்டா பேனிக் அட்டாக் சுத்தமா நிக்கும்? ஒரு லிஸ்ட் குடுங்க ப்ளீஸ்.

அப்படி ஒரு லிஸ்ட் இருந்திருந்தா நான் ஆறு வருஷம் கஷ்டப்பட்டிருக்க மாட்டேன் தம்பி. பேனிக் எப்படி நடக்குதுன்னு பாருங்க, ஒடம்புல ஏதோ ஒண்ணு தெரியுது, நெஞ்சு படபடன்னோ தல கிறுகிறுன்னோ, ஒடனே மனசு "ஐயோ ஏதோ ஆகப்போகுது"ன்னு படிச்சுக்குது, அட்ரினலின்ங்கற பய ஹார்மோன் ஊத்துது, அதனால படபடப்பு இன்னும் ஏறுது, அத பாத்து இன்னும் பயம். இந்த வட்டத்த ஒடைக்கறது சிபிடி தெரபி, அதாவது பேசிப் பேசி நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தற சிகிச்சை, தேவைப்பட்டா மாத்திரை. சாப்பாட்டால என்ன பண்ண முடியும்னா, அந்த மொத படபடப்பு சும்மா சும்மா வராம பாத்துக்கலாம். அதிக காபி, வெறும் வயிறு, தண்ணி குடிக்காம இருக்கறது, சரக்கு, இதெல்லாம் தீக்குச்சி உரசற மாதிரி. தீக்குச்சிய கொறச்சா தீ கொறையும், அவ்ளோதான் சாப்பாட்டோட பங்கு.

கேள்வி: மேடம், ஒரு நாளைக்கு 5 காபி குடிப்பேன். குடிச்சா தெம்பாதான் இருக்கு. அத விடணுமா?

இருக்கறதுலயே ஆதாரம் பலமா இருக்கற விஷயம் இதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். நம்ம மூளைல அடினோசின்னு ஒண்ணு "போதும், ஓய்வெடு"ன்னு சொல்லிட்டே இருக்கும், கஃபீன் போய் அது உக்கார்ற சீட்ல உக்காந்துக்கும். தெம்பு வர்றது அதனாலதான், கூடவே ஹார்ட் ரேட்டும் கை நடுக்கமும் வரலாம். பெரிய கப் ஃபில்டர் காபில சுமாரா 95 மி.கி. கஃபீன், டீல அதுல பாதி. பேனிக் இல்லாத பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரைக்கும் பரவால்லங்கறாங்க. ஆனா பேனிக் டிஸார்டர், அதாவது அட்டாக் திரும்பத் திரும்ப வர்ற வியாதி இருக்கறவங்களுக்கு 480 மி.கி. கிட்ட ஒரேடியா குடுத்து பாத்த ஆய்வுகள்ல பாதி பேருக்கு அங்கயே அட்டாக் வந்திருக்கு. நீங்க அஞ்சு கப்ல அந்த கணக்க கிட்டத்தட்ட தொட்டுட்டீங்க, என்ன, நாள் முழுக்க பிரிச்சு குடிக்கறீங்க. அதுலயும் கஃபீன் பாதி கொறையவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், அப்போ சாயங்காலம் 4 மணி காபி ராத்திரி 9 மணிக்கும் பாதி உள்ளதான் இருக்கு. தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா மறுநாள் பேனிக்குக்கு கதவு தொறந்த மாதிரி.

ஆனா நாளைக்கே சுத்தமா நிறுத்திடாதீங்க. நான் அந்த வீரத்த காமிச்சேன், ரெண்டாவது நாள் மண்டைய பொளக்கற தலவலி, எரிச்சல், ஒண்ணுமே ஓடல, ஏதோ மூளைல வந்துருச்சுன்னு நெனச்சு அதுக்கே ஒரு அட்டாக். அது வெறும் கஃபீன் நிறுத்தின தலவலி, ஒரு வாரம் வரைக்கும் கூட இழுக்கும். மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ அரை கப் கொறச்சுட்டே வாங்க, சாயங்கால கப்ப மொதல்ல வெட்டுங்க. எனர்ஜி டிரிங்க், கோலா, சில தலவலி மாத்திரை, இதுலயும் கஃபீன் இருக்கு, லேபிள திருப்பி பாருங்க.

கேள்வி: சிகரெட் விட்டு மூணு வாரம் ஆச்சு. நல்லதுதான பண்ணேன், ஆனா பேனிக் ஜாஸ்தி ஆயிருச்சே, ஏன்?

மொதல்ல, சூப்பர், திரும்பி போயிடாதீங்க. நிகோடின் இல்லாத பதட்டம் மொத வாரங்கள்ல இருக்கும், அது ஒரு பக்கம். யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கு, சிகரெட் புகை கல்லீரல்ல கஃபீன ஒடைக்கற என்ஸைம வேகமா ஓட வைக்கும். சிகரெட்ட விட்டதும் அந்த வேகம் போயிடும், அதனால அதே ரெண்டு கப் காபி இப்ப ரத்தத்துல நாலு கப் மாதிரி நிக்கும். காபிய பாதியாக்கி பாருங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் கஃபீன் இப்படி மெதுவாத்தான் எறங்கும், ஃப்ளூவாக்ஸமின்ங்கற மனநல மாத்திரை எடுத்தா இன்னும் ரொம்பவே மெதுவு.

கேள்வி: பசி வந்தா கை நடுங்குது, வேர்க்குது, படபடங்குது. இது லோ சுகரா பேனிக்கா?

கொழப்பம் வர்றது நியாயம்தான், சுகர் எறங்கினாலும் ஒடம்பு அதே அட்ரினலினத்தான் விடும். உங்களுக்கு சுகர் இருந்து இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறீங்கன்னா "இது பேனிக்தான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, மெஷின்ல பாருங்க, 70க்கு கீழ இருந்தா 15 கிராம் சர்க்கரை கணக்குல ஜூஸோ குளுக்கோஸோ எடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. சுகர் வியாதி இல்லாதவங்களுக்கு 70க்கு கீழ போறது அபூர்வம், ஆனா பசி நடுக்கம் நிஜம்தான்.

எனக்கு தெனமும் 11:30 மணி வாக்குல அட்டாக் வரும், ஆபீஸ்ல என் சீட்டுக்கு மேல இருக்கற ட்யூப்லைட் வெளிச்சம்தான் காரணம்னு நெனச்சு எடம் எல்லாம் மாத்திக்கிட்டேன், சிரிக்காதீங்க. அப்பறம் ரெண்டு வாரம் ஒரு நோட்ல எப்ப என்ன சாப்ட்டேன், எப்ப அட்டாக் வந்துச்சுன்னு எழுதினா, அட்டாக் வந்த நாள்ல எல்லாம் காலைல வெறும் காபி, அதுவும் ரெண்டு. முட்டையோ பருப்போ பயறோ, ஏதாவது புரோட்டீன் இருக்கற மாதிரி காலை சாப்பாடு ஆரம்பிச்சேன், 11:30 பிரச்சனை ரொம்பவே கொறஞ்சுது. நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல வயித்த காயப்போடாதீங்க.

கேள்வி: மெக்னீசியம் மாத்திரை எடுத்தா பேனிக் போகும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே?

எல்லா வீடியோவுக்கும் கீழ வாங்கற லிங்கும் இருக்குமே, அத பாத்தீங்களா. பேனிக்குக்குன்னு பலமான ஆதாரம் இல்லங்க. பூசணி விதை, பாதாம், கீரை, பருப்பு சாப்பிடுங்க, அதுலயே நல்லா கெடைக்கும். மாத்திரைதான்னு அடம் பிடிச்சா 350 மி.கி.க்கு மேல போகாதீங்க, வயித்தால போகும். கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர கேக்காம தொடவே கூடாது.

கேள்வி: மனநிலைய பாத்துக்கற கெமிக்கல்னு சொல்றாங்களே, அந்த செரட்டோனின் 90 சதவீதம் குடல்லதான் இருக்காமே, அப்போ குடல சரி பண்ணா பேனிக் சரியாயிடும்ல?

குடல்ல இருக்கறது உண்மை. ஆனா அந்த செரட்டோனின் ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போகாது, மூளை தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்கும். பாதி உண்மைய வெச்சு முழு பாட்டில் விக்கறாங்க.

கேள்வி: எஸ்கிட்டலோப்ராம் எடுக்கறேன், கூட செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுக்கலாமா? மூலிகைதான?

கூடவே கூடாது. எஸ்கிட்டலோப்ராம் செரட்டோனின கூட்டற மாத்திரை, அந்த மூலிகையும் கூட்டும், ரெண்டும் சேந்தா அது எக்கச்சக்கமா ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒடம்புல செரட்டோனினா மாறற 5 எச்டிபி மாத்திரையும் இதே கணக்குதான். ஏற்கனவே சேத்து எடுத்துட்டிருந்தா இன்னிக்கே டாக்டருக்கு ஃபோன் போடுங்க.

கேள்வி: ப்ரோ சொன்னான், ரெண்டு பெக் போட்டா பேனிக் அடங்குதுன்னு. எனக்கும் அடங்குது.

அன்னிக்கு ராத்திரி அடங்கும், மறுநாள் காலைல வட்டியோட வரும். போதை எறங்கும்போது மூளை எதிர்பக்கம் துள்ளும், படபடப்பு, வேர்வை, விடிகாலைல முழிப்பு. அல்ப்ரசோலம் மாதிரி பதட்டத்த அடக்கற மாத்திரை எடுக்கறவங்க குடிச்சா மூச்சே அடங்கிடலாம். தெனமும் நெறைய குடிக்கறவரா இருந்தா மட்டும் பட்டுனு நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரலாம், டாக்டர் மேற்பார்வைல நிறுத்துங்க.

கேள்வி: என்ன டெஸ்ட் எடுக்கணும்கா?

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து சேமிப்பு), வைட்டமின் பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), சுகர். ரத்தசோகையும் தைராய்டு அதிகமா சுரக்கறதும் அச்சு அசல் பேனிக் மாதிரியே வேஷம் போடும். நெஞ்சு வலி மொத தடவ வருதுன்னா டயட் கேள்வியே வேணாம், ஈசிஜி எடுத்துட்டு வாங்க.

கேள்வி: நான் காபி, டீ, சாக்லேட், சர்க்கரை, பால், ப்ரெட், காரம் எல்லாத்தையும் விட்டுட்டேன். எப்பவும் பேக்ல தண்ணி பாட்டில், குளுக்கோஸ், வாழைப்பழம். இப்ப வெளிய சாப்பிடவே பயமா இருக்கு.

இந்த கேள்விக்காகவே இன்னிக்கு வந்தது வீண் போகல. கண்ணு, நீங்க பண்றது டயட் இல்ல, உங்க பேனிக் சாப்பாட்டு தட்டு வரைக்கும் வந்து உக்காந்திருக்கு. மொதல்ல லிஃப்ட தவிர்த்தோம், அப்பறம் பஸ்ஸ தவிர்த்தோம், இப்ப ப்ரெட்டு. ஒவ்வொண்ண விடும்போதும் "நல்லவேள தப்பிச்சோம்"னு மூளை கத்துக்குது, லிஸ்ட் நீளுது. இத்தன விட்டா எடை எறங்கும், பசி நடுக்கம் வரும், அத பாத்து இன்னும் பயம். அலர்ஜின்னு டெஸ்ட்ல வந்தத தவிர மிச்சத்த ஒண்ணொண்ணா திரும்ப கொண்டு வாங்க, ப்ரெட்லேர்ந்து ஆரம்பிங்க, வீட்லயே. படபடப்பு வந்தா வரட்டும், சாப்ட்டு முடிங்க. கடைசியா ஒரு சின்ன துண்டு சாக்லேட். இத ஒரு தெரபிஸ்ட் கூட சேந்து பண்ணா நல்லது. எடை ரொம்ப எறங்கியிருந்தா தள்ளிப்போடாம டாக்டர பாருங்க.

கேள்வி: அட்டாக் வந்துட்டிருக்கும்போது என்ன சாப்பிடலாம்? எனக்கு வாழைப்பழம் சாப்ட்டா பத்து நிமிஷத்துல சரியாயிடுது.

ஒண்ணும் வேணாம், வாய் காஞ்சா ஒரு வாய் தண்ணி. அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயிட்டு தானா எறங்க ஆரம்பிக்கும். உங்க வாழைப்பழம் அந்நேரம் வயித்த விட்டே பெருசா கெளம்பியிருக்காது, பேர மட்டும் அது தட்டிட்டு போயிடுச்சு. அடுத்த தடவ பழத்த கைல வெச்சிருங்க, உரிக்காதீங்க, கடிகாரத்த பாருங்க.