கால் எட்டினால் போதுமா? முதல் குரூசர் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குரூசர் பற்றியவை, அதாவது இருக்கை தாழ்ந்து, கால்மிதி முன்னுக்கு இருக்கும் நீளமான பைக்குகள். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 இல் திறந்த பிறகு எல்லோருக்கும் ஒரே அவசரம். விலை கேட்டு எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. இன்று எழுதும் விலை, நீங்கள் கடைவாசலுக்குப் போகும் நாளில் இருக்காது.

கே: நல்ல குரூசர் எது? (பெயர், ஊர் எழுதாதவர்)

யாருக்கு நல்லது? உங்கள் உயரம் என்ன, இப்போது எதை ஓடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், பின்னுக்கு யார் இருப்பார்கள்? இந்த நாலில் ஒன்றாவது எழுதக் கை வரவில்லையா? எழுதி அனுப்புங்கள், பிறகு பார்ப்போம்.

கே: ஒன்றரை வருடமாகப் பல்சர் 150 ஓடுகிறேன். கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அவெஞ்சர் 160, அவெஞ்சர் 220, மீற்றியோர் 350 மூன்றில் எது? (கொக்குவில்)

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல மனம் வரும். அவெஞ்சர் 160 இல் சுமார் 15 குதிரைவலு, லீற்றருக்கு 45 கிலோமீற்றர் போகும். 220 இல் 19 குதிரைவலு, 35 முதல் 40. றோயல் என்ஃபீல்ட் மீற்றியோரில் 20 குதிரைவலுதான், ஆனால் எடை 190 கிலோ. லீற்றருக்கு 30, 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 என்றவுடன் இரண்டு மடங்கு வேகம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. மீற்றியோரின் பலம் குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவை. ஏற்றமே இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்த இழுவைக்குப் பெரிய வேலை இல்லை. நெடுந்தூரம் ஒரே சீராக ஓட அது சுகம்தான், ஆனால் இந்த நாட்டு அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். போய் வர நாற்பது கிலோமீற்றருக்கு நல்ல நிலையில் ஒரு 220 கிடைத்தால் எடுங்கள். இல்லாவிட்டால் 160 போதும். மாதம் ஒரு முறை கொழும்புக்குப் பைக்கிலேயே போகிறவர் என்றால் மீற்றியோர். எதை எடுத்தாலும் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பத்து மீற்றர் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கே: என் உயரம் 5 அடி 3 அங்குலம். ஓட்டம் புதிது. குரூசரில் இரண்டு காலும் முழுதாக ஊன்றுகிறது, ஆகவே பழகுகிறவருக்கு அதுதான் இலகு என்று கடையில் சொல்கிறார்கள். சரிதானே? (நெல்லியடி)

பாதி சரி. அந்தப் பாதியை வைத்துத்தான் விற்கிறார்கள்.

கால் ஊன்றுவது பைக் நிற்கும்போது உதவும். சிக்னலில், கடைவாசலில், படம் எடுக்கையில். பைக் விழுவது பெரும்பாலும் அங்கே இல்லை. ஒழுங்கையில் இருந்து றோட்டுக்கு ஏறும் இடத்தில், மணல் கிடக்கும் திருப்பத்தில், நடை வேகத்தில் விழும். 150 கிலோ சரியத் தொடங்கிய பிறகு காலால் தாங்கலாம் என்று நினைத்தால் கணுக்கால்தான் போகும்.

இருக்கை உயரத்தை மட்டும் சொல்லும் கடைக்காரர் நீளத்தைச் சொல்வதில்லை. அவெஞ்சரின் இருக்கை நிலத்திலிருந்து 737 மி.மீ., பல்சர் 150 இல் 785. ஐந்து சென்ரிமீற்றர் லாபம், நல்லது. ஆனால் இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரம் பல்சரில் 1320 மி.மீ., அவெஞ்சர் 220 இல் 1490. பதினேழு சென்ரிமீற்றர் கூட. முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க் குழாய்களும் சாய்ந்து முன்னுக்கு நீட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் நேர் றோட்டில் பைக் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். இரு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கையில் திருப்பப் போனால் பல்சர் ஒரே வெட்டில் திரும்பும் இடத்தில் இது மூன்று தரம் முன்னுக்கும் பின்னுக்கும் கேட்கும். புதியவர் அந்த நேரத்தில் பதறி முன் பிறேக்கைப் பிடிப்பார். ஹான்டில் திரும்பியிருக்கும்போது முன் பிறேக் பிடித்தால் பைக் அந்தப் பக்கமே படுக்கும். குரூசர் வாங்கி முதல் மாதத்தில் கிளட்ச் லிவரும் இன்டிகேற்றரும் உடைந்து வருகிற பைக்குகள் அநேகமாக இப்படி விழுந்தவைதான்.

இன்னொன்று கால்மிதி. அது முன்னுக்கு இருப்பதால் பள்ளம் வரும்போது மிதியில் எழும்பி நிற்க முடியாது. அடி முழுவதும் முதுகெலும்புக்கு. பின் பிறேக்குக்கும் காலைத் தூக்கி நீட்ட வேண்டும். அந்த அரை நொடியைப் பழகாதவர் மறந்துவிடுவார். குரூசரில் எடை பின்னுக்கு இருப்பதால் பின் பிறேக் மற்ற பைக்குகளை விட நன்றாக வேலை செய்யும். அதற்காக முன் பிறேக்கைத் தொடாமல் ஓடாதீர்கள். இரண்டையும் சேர்த்து, முன்னதை மெல்ல அழுத்தி, கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே குரூசர் கூடாது என்பதல்ல. பழகிவிட்டு எடுங்கள். 100 அல்லது 125 இல் இரண்டு மாதம் ஓடுங்கள். குரூசர் வந்த பிறகு முற்றவெளி போன்ற திறந்த இடத்தில் ஆறு மீற்றர் அகலத்துக்கு இரண்டு பக்கமும் சிரட்டை வைத்து, அதற்குள் திரும்பிப் பழகுங்கள். முதல் கியர், கிளட்ச் பாதி பிடித்தபடி, பின் பிறேக்கில் கால் மெல்ல, முன் பிறேக்கில் விரலே இல்லை, பார்வை முன் சில்லில் இல்லாமல் போக வேண்டிய இடத்தில். இடது பக்கம் இருபது, வலது பக்கம் இருபது. சிரட்டை மிதிபடாமல் திரும்பிய பிறகு ஒழுங்கைக்குப் போங்கள். கடையில் நிற்கும்போது இருந்து பார்ப்பதோடு நிற்காமல், சொன்னேனே, எஞ்சினை நிற்பாட்டித் தள்ளியும் பாருங்கள். தள்ள முடியாத பைக்கை மணலில் நிமிர்த்தவும் முடியாது.

கே: ஸ்கூட்டி பெப் (கியர் இல்லாத சின்ன ஸ்கூட்டர்) மட்டும் ஓடியிருக்கிறேன். உயரம் 5 அடி. அவெஞ்சர் 160 எனக்குச் சரிவருமா? (மானிப்பாய்)

சரிவரும், மூன்று விடயம் பாருங்கள். முதலாவது, லைசன்ஸ். பெப் 100 சீ.சீ.க்குக் கீழே. உங்களிடம் 100 சீ.சீ. வரைக்குமான A1 மட்டும் இருந்தால் 160 ஓட முடியாது, A வேண்டும். இரண்டாவது, ஹான்டிலை முழுதாகத் திருப்பும்போது தூரத்துக் கை முழங்கை மடிந்த நிலையில் எட்டுகிறதா என்று பாருங்கள். கை நீண்டு தோள் இழுபட்டால் ஹான்டிலைப் பின்னுக்குச் சரித்துப் பூட்டச் சொல்லுங்கள், நாலு போல்ற்று வேலை. மூன்றாவது, எடை. பெப் 95 கிலோ, இது 156. கிளட்சும் கியரும் புதிது என்றால் முதலில் யாருடையதாவது 100 சீ.சீ. பைக்கில் இரண்டு மூன்று கிழமை பழகுங்கள். நெல்லியடிக்காரருக்குச் சொன்னது எல்லாம் உங்களுக்கும்.

கே: லைசன்ஸ் பரீட்சைக்கு என் குரூசரையே கொண்டுபோகலாமா? (கோண்டாவில்)

எட்டு வடிவில் சுற்றிக் காட்ட வேண்டிய இடத்துக்கு ஏன் நீளப் பைக்கோடு போகிறீர்கள்? சின்னதில் போங்கள்.

கே: பழைய யமஹா விராகோ 250 ஒன்று வடிவாக இருக்கிறது. 'ஒரு பிரச்சினையும் தராத பைக்' என்கிறார் விற்பவர். (பருத்தித்துறை)

எல்லா விற்பனைக்காரரும் அதைத்தான் சொல்வார்கள். நல்ல எஞ்சின், V வடிவில் இரட்டைச் சிலிண்டர், இருக்கை 70 சென்ரிமீற்றருக்குக் கீழே, செயின்தான். பழகுநருக்குப் பொருந்தும் பைக். ஆனால் வயதைப் பாருங்கள்.

காலையில் சொல்லாமல் போங்கள். எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்ராட் செய்து வைத்திருக்கிறார். ஸ்ராட் செய்து ஒரு நிமிடத்தில் இரண்டு சைலன்சர் குழாயிலும் எஞ்சினுக்குக் கிட்டத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று சீறி மற்றது சும்மா வடிந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. சூடான பிறகும் சோக் இழுக்காமல் எஞ்சின் ஓடாது என்றால் காபரேற்றரின் சின்ன ஜெற் (பெற்றோல் வரும் துளை) அடைத்திருக்கிறது. 2022 இல் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் மட்டும் கொடுத்த காலத்தில் மாதக்கணக்கில் நின்ற பைக்குகளில் இது சர்வசாதாரணம், கழுவினால் போகும். பாதி அக்சிலேற்றருக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் காபரேற்றர் ரப்பர் கிழிந்திருக்கலாம், அது இங்கே லேசில் கிடைக்காது. தாங்கிக்குள் ரோர்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். முன் போர்க் குழாயில் விரல் வைத்தால் ஒயில் ஒட்டக்கூடாது. முன் சில்லைத் தூக்கி ஹான்டிலைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் கொக்கிபோல் பிடித்தால் பெயாரிங் போய்விட்டது. பின் ஸ்புரொக்கெற்றில் செயினைப் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி தெரிந்தால் செற்றாக மாற்ற வேண்டும்.

கடைசியாக ரயர். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை. பூ முழுதாக இருக்கிறது, புது ரயர் என்பார்கள். பத்து வருட ரப்பர் கல்லுப் போல இறுகி, முதல் மழையில் சறுக்கும்.

கே: ஓப்பின் பேப்பரில் (பெயர் மாற்றாமல், கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தில்) வாங்கலாமா? (சுன்னாகம்)

வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்து வைக்காத பைக், அவர் வெளிநாட்டில் இருந்தால் என்ன, பக்கத்து வீட்டில் இருந்தால் என்ன, உங்களுடையது ஆகாது. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கையில் வரும்வரை காசு கொடுக்காதீர்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். விற்பவர் வாசிக்க நீங்கள் தலையாட்டுவது ஒப்பிடுதல் அல்ல.

கே: ஊர்காவற்றுறையில் இருந்து தினமும் பட்டினம் வருகிறேன். புதுக் குரூசரின் குரோம் ஆறு மாதத்தில் பொங்கிவிட்டது. கொம்பனிப் பிழையா? (ஊர்காவற்றுறை)

கடலுக்கு நடுவே போகும் பாதையில் தினமும் இரண்டு முறை ஓடினால் உப்பு தன் வேலையைச் செய்யும். குரோமின் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஈரம் உள்ளே போய் இரும்பு துருத்து மேலே பொங்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே துணியால் துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. காய விட்டால் வெள்ளைப் புள்ளி படியும், பிறகு உரஞ்சி உரஞ்சிக் குரோமே போகும். துடைத்த பிறகு மெல்லிய ஒயில் பூச்சு. கம்பிச் சில்லு என்றால் ஒவ்வொரு கம்பியின் அடி நிப்பிளிலும் ஒரு சொட்டு. செயினுக்கு 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் என்பார்கள், உங்களுக்கு 300.

சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் பண்ணைக் கடல்பாதையில் பக்கவாட்டில் அடிக்கும்போது ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, பைக்கைக் காற்றுப் பக்கம் மெல்லச் சரிய விடுங்கள். பெரிய கண்ணாடித் திரை பூட்டியிருந்தால் அந்த மாதங்களுக்குக் கழற்றிவையுங்கள்.

கே: கார் ஒயில் வீட்டில் மிச்சம் இருக்கிறது. விடலாமா? (உடுவில்)

கூடாது. பைக்கின் கிளட்ச் அதே ஒயிலில்தான் குளிக்கிறது. வழுக்கும் மருந்து சேர்த்த கார் ஒயில் விட்டால் சுற்று ஏறும், வேகம் ஏறாது. போத்தலில் JASO என்பதோடு MA என்று இருக்கிறதா பாருங்கள், ஒயிலில் குளிக்கும் கிளட்சுக்கு ஏற்றது என்ற அடையாளம் அது. தடிப்பைக் கைநூலில் பாருங்கள்.

கே: உயரக் கைபிடி, வெட்டின சைலன்சர் போட ஆசை. முதல் பைக், வயது 19. (திருநெல்வேலி)

தோளுக்கு மேல் கை போனால் ஹான்டிலில் நுண்ணுணர்வு போய்விடும், அதோடு கிளட்ச், அக்சிலேற்றர் கேபிள்களும் பிறேக் ஹோசும் எட்டாது இழுபடும். ஹான்டிலைத் திருப்பும்போது அக்சிலேற்றர் கொடுக்காமலே எஞ்சின் சுற்று ஏறினால் அதுதான் காரணம், அப்படியே ஓடக்கூடாது. சைலன்சரின் உள் குழாயை எடுத்தால் கலவை வறண்டு எஞ்சின் சூடாகும், பலமும் குறையும். சத்தம் மட்டும் கூடும். அயலவர் காதும் உங்கள் காதும்தான் போகும். ஒரு வருடம் கொம்பனி விட்டபடியே ஓடிவிட்டு வாருங்கள், கதைப்போம்.

கே: அம்மா சீலையோடு ஒரு பக்கமாக இருந்துதான் வருவார். குரூசரில் சரியா? (நல்லூர்)

பின் இருக்கை சின்னதும் சரிவானதுமான மொடல்களில் சரியில்லை. தட்டையான நீள இருக்கை, சீலை சில்லில் சிக்காமல் தடுக்கும் சாறி கார்ட், இடப் பக்கம் கால்மிதி, பிடிக்க ஒரு கம்பி: நாலும் இருந்தால் கூட்டிப் போகலாம். பின் ரயருக்கு ஒருவர் போகையில் 28 psi என்றால் இருவருக்கு 32 psi வரை காற்று. சரியான கணக்கு உங்கள் பைக்கிலேயே ஒட்டியிருக்கும். அம்மாவுக்கும் ஹெல்மெற். கோயிலுக்குத்தானே, கிட்டத்தானே என்று எழுதாதீர்கள்.