புவியியல் இளங்கலை படித்தால் வேலை கிடைக்குமா?

பள்ளிப் படிப்பு முடிந்து இளங்கலையில் புவியியல் எடுக்கலாமா, எடுத்தால் ஆசிரியர் வேலையை விட்டால் வேறு கதியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பட்டம் வாங்கி இப்போது ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தரவை வரைபடமாக்கி அலசும் கணினி முறை) வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

வேலை உண்டு. ஆனால் 'புவியியலாளர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். ஜிஐஎஸ் அனலிஸ்ட், ரிமோட் சென்சிங் அனலிஸ்ட் (செயற்கைக்கோள் படங்களை ஆராய்பவர்), நகரத் திட்டமிடல் உதவியாளர், பேரிடர் மேலாண்மைப் பணியாளர், காப்பீட்டு நிறுவனத்தில் வெள்ள அபாயத்தைக் கணக்கிடுபவர், சரக்கு வண்டிகளுக்கு வழித்தடம் போடுபவர் என்று வேறு வேறு பெயர்களில்தான் வரும். வேலை தேடும் தளத்தில் பாடத்தின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே வேலைகளுக்குக் கணினி அறிவியல் படித்தவர்களும் சிவில் இன்ஜினியர்களும் விண்ணப்பிக்கிறார்கள். மென்பொருளில் அவர்கள் கை நம்மைவிட வேகம். அப்புறம் நம்மை ஏன் எடுக்க வேண்டும்?

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார் என்பதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். வரைபடத்தைப் பார்த்துத்தான் பிராட் தெரு அடிகுழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார் என்பது பிற்பாடு சேர்ந்த கதை. குழாய் மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. யாரும் தண்ணீர் அடிக்காதபடி அதன் கைப்பிடியைக் கழற்றிய பிறகுதான் வரைபடமே வெளியானது. எனக்குப் பிடித்தது இறப்பு நடக்காத இடங்களை அவர் விசாரித்த விதம். பக்கத்திலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பித்தார்கள். அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரையே குடிப்பதில்லை. புள்ளி வைப்பதை இன்று எந்த மென்பொருளும் நொடியில் செய்துவிடும். "இங்கே மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்கும் பழக்கத்தை மூன்று வருட நிலத்தோற்றவியலும் காலநிலையியலும் மக்கள்தொகைப் புவியியலும் கொடுக்கின்றன. சம்பளம் அதற்குத்தான்.

அன்றாட வேலையில் இது எப்படித் தெரியும்? ஒரு பள்ளியைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட வேண்டும் என்று வையுங்கள். தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தால் அதன் அலகு டிகிரி. அப்படியே 500 என்று கொடுத்தால் அது 500 டிகிரி. உலகமே 360தான்! அது பார்த்ததும் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்து. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்தவர் தீர்க்கரேகைக்கும் அதையே போடுவார். ஆனால் துருவத்தை நோக்கிப் போகப் போக அது சுருங்கும். 60 டிகிரி அட்சரேகையில் பாதிதான். வரைபடம் அழகாகவே வரும், தூரம் மட்டும் தப்பு. படத்தைப் பார்த்த உடனே "எந்த புரொஜெக்‌ஷன்?" என்று, அதாவது உருண்டையான பூமியை எந்த முறையில் தட்டையாக்கியது என்று, கேட்கிற ஆளைக் குழுவில் வைத்துக்கொள்வார்கள்.

கசப்பான விஷயமும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை பெரும்பாலும் டிஜிட்டைசிங்தான். செயற்கைக்கோள் படத்தின் மேல் கட்டடங்களையும் சாலைகளையும் நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சம்பளம் சுமார், சலிப்பு நிச்சயம். அதிலேயே வருடக்கணக்கில் தங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். மேலே போனவர்கள் பைதான் என்ற நிரல் மொழியும் தரவுத்தளத்தில் தேடுவதற்கான எஸ்க்யூஎல்லும் கற்றவர்கள், அல்லது நீர்வளம், பொதுச் சுகாதாரம், போக்குவரத்து என்று ஏதாவது ஒரு துறையை ஆழமாகப் பிடித்துக்கொண்டவர்கள். இரண்டில் ஒன்றை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குவது நல்லது. பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் தாமதம்தான்.

பி.ஏ.வா பி.எஸ்ஸி.யா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். புள்ளியியல் இருக்கிறதா, ஜிஐஎஸ் ஆய்வகம் ஒரு பருவத்துக்கு மேல் இருக்கிறதா, களப்பணிக்கு மதிப்பெண் உண்டா? மூன்றுமே இல்லையென்றால் வேறு கல்லூரி தேடுங்கள். ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் முதுகலையும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அரசுப் போட்டித் தேர்வுகளுக்கும் இந்தப் பாடம் உதவும், ஆனால் அதை மட்டுமே நம்பிச் சேர வேண்டாம்.

சேருவதற்கு முன்பே பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் செலவு கிடையாது. க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். 1972 முதல் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் தரவு 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் அப்படித்தான், அதிலே ஒரு பிக்சல் 10 மீட்டர் வரை நுணுக்கம். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஏரியையோ காட்டையோ எடுத்துக்கொண்டு சிவப்புப் பட்டையையும் அண்மை அகச்சிவப்புப் பட்டையையும் (அந்தந்த ஒளியை மட்டும் பதிவு செய்த படங்கள்) ஒப்பிடுங்கள். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்தே செடி எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பத்து வருடம் முன்பு எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்து, மாறியது எது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எழுதவே எரிச்சலாக இருந்தால் இந்தப் பட்டம் உங்களுக்கு வேண்டாம். எழுத முடிந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நேர்காணலில் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் காட்டலாம்.