ஜப்பானில் டொயாமா மாகாணத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "அங்கே எதுவுமே இல்லை" என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போகலாம். அப்படிச் சொன்னவர் டோக்கியோவைத் தாண்டியிருக்க மாட்டார். உங்களுக்கு இது முதல் வெளிநாட்டு வேலையாக இருக்கும், வீட்டிலும் "டோக்கியோ இல்லையா?" என்று கேட்டிருப்பார்கள். நான் டொயாமாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பக்கம் 3,000 மீட்டர் உயரமுள்ள தாதேயாமா மலைகள். மறுபக்கம் 1,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள வளைகுடா. நடுவில் நெல் விளையும் சமவெளி. சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனிதான் இந்த மாகாணத்தின் சொத்து. அது உருகி ஓடும் ஆறுகளில் மின்சாரம் எடுத்தார்கள். மின்சாரம் மலிவாகக் கிடைத்ததால் அலுமினியத் தொழில் வளர்ந்தது. உங்கள் பேன்ட் ஜிப்பில் ஒய்கேகே என்ற எழுத்துகள் இருக்கின்றனவா? அந்த நிறுவனத்தின் முக்கிய ஆலைகள் இங்கே குரோபேயில்தான் இருக்கின்றன. அதே பெயருள்ள ஆற்றில் 186 மீட்டர் உயர அணையை 1963இல் கட்டி முடித்தபோது, 171 உயிர்கள் போயிருந்தன. எதுவுமே இல்லாத ஊரா இது?

முதல் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதிலிருந்து பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டி அவர் காசு கொடுத்து வாங்கியதல்ல. மருந்துக்காரர் வைத்துவிட்டுப் போனது. அடுத்த முறை வரும்போது குறைந்ததை எண்ணிப் பார்த்து, அதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு மீண்டும் நிரப்பிவிட்டுப் போவார். நான் நீட்டிய பணத்தைப் பாட்டி தொடவே இல்லை.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வியாபாரம் இது. 1690இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையில் வயிற்றுவலியால் துடித்த ஒரு பிரபுவுக்கு டொயாமாவின் அதிபதி மாயேதா மசாதோஷி தன்னிடமிருந்த மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்தினார், அதிலிருந்துதான் தொடங்கியது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அதன்பின் டொயாமா வியாபாரிகள் மூட்டை சுமந்து ஜப்பான் முழுவதும் நடந்தார்கள். எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த மருந்து செலவானது என்று எழுதிய கணக்கேட்டுக்கே விலை உண்டு. தொழிலை விடுகிறவர் அதை இன்னொருவருக்கு விற்றுவிடுவார். இந்த மருந்துப் பணம்தான் பிறகு வங்கிகளிலும் நீர்மின் நிலையங்களிலும் முதலீடானது. முன்பின் தெரியாதவர் வீட்டில் சரக்கை நம்பி வைத்துவிட்டுப் போகும் மனிதர்களின் ஊர் என்பதில் எனக்குப் பெருமை.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்திருந்தபோது பெண் வீட்டார், "ஜப்பானில் போய்க் கிராமத்திலா?" என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள். என் வேலை என்ன, குணம் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. அடுத்த இடத்தில் "டோக்கியோ பக்கம்" என்று சொல்லச் சொன்னார் தரகர். சொல்ல மாட்டேன்.

ஊரைப் புகழ்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், துயரமும் தெரியும். காமியோகா சுரங்கத்திலிருந்து ஜின்சூ ஆற்றில் கலந்த காட்மியம் என்ற நச்சு உலோகம், நெல்லிலும் குடிநீரிலும் ஏறியது. எலும்பு நொறுங்கி "வலிக்கிறது, வலிக்கிறது" என்று துடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; இதாய்-இதாய் என்று நோய்க்குப் பெயரே அப்படித்தான் வந்தது. 1968இல்தான் அரசு ஒப்புக்கொண்டது. மக்கள் வழக்காடி வென்றார்கள். வயல்களின் மண்ணை மாற்றி முடிக்க 2012 ஆகிவிட்டது. டொயாமா நகரில் இதற்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, வந்தவுடன் போய்ப் பாருங்கள்.

செப்டம்பர் 1 முதல் 3 வரை யாட்சுவோவில் முகம் மறைக்கும் தொப்பியோடு இரவெல்லாம் ஆடும் ஓவாரா நடனத்தையும் தவறவிடாதீர்கள். சைவம் என்றால் சிரமம்தான். குழம்பு, சூப் எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும். 2015 முதல் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடுகிறது, டோக்கியோ இரண்டு மணி நேரச் சொச்சம்தான். டொயாமா நகருக்குள் டிராம் போதும். வெளியே என்றால் கார் இல்லாமல் முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஆலை எந்த ஊரில் இருக்கிறது, தங்குமிடத்திலிருந்து எவ்வளவு தூரம், பனிக்கால டயர் செலவு யாருடையது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.